மோதிவிட்டு வந்தவர் திரும்பிச் செல்லும் வழி

 

'அன்றாட வாழ்வில் அறம்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். மிகச் சிறியதொரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறேன். குறுகிய தெருவில் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது, ஆளின்றி நிற்கும் வேறொரு காரில் இடித்துவிடுகிறோம். அதன் கதவு நசுங்குகிறது. சுற்றுமுற்றும் பார்க்கிறோம், எவரும் இல்லை. புறப்பட்டு வந்துவிடுகிறோம். வீட்டிற்கு வந்தபின் மனம் உறுத்துகிறது. இனி என் செய்வது?

இடித்தது கவனக்குறைவு, அது எவருக்கும் நேரக்கூடும். விட்டு வந்ததோ நாம் அறிந்தே செய்தது. 'சிறு நசுங்கல்தானே' என்று மனம் சமாதானம் சொல்லும். அச்சுமை யார் தலையில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். உரிமையாளர் தம் காப்பீட்டில் இழப்பீடு கோரினால், ஆண்டுதோறும் சேர்த்துவந்த 'நோ கிளெய்ம் போனஸ்' என்னும் கழிவை இழக்க நேரிடும். ஐந்து ஆண்டுகளில் 50 விழுக்காடு வரை உயரும் கழிவு அது. வாடகைக் கார் எனில், பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் வருவாய் நின்றுபோகிறது. சம்பளத்திற்கு ஓட்டுபவர் கையில் இருந்த கார் எனில், 'நீதான் எங்கோ இடித்துவிட்டு மறைக்கிறாய்' என்று அவர்மீது பழி விழும், ஊதியத்திலும் பிடிப்பார்கள். நம் மௌனம் குற்றமற்ற ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, ஆளுக்குக் காயம் நேர்ந்தால் மட்டுமன்றிப் பிறர் உடைமைக்குச் சேதம் நேர்ந்தாலும் பொருந்தும். காவலர் அங்கே இல்லையெனில், அருகிலுள்ள காவல் நிலையத்தில் இயன்ற விரைவிலும், எப்படியாயினும் 24 மணி நேரத்திற்குள்ளும் ஓட்டியவர் தெரிவிக்க வேண்டும். தவறினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே, மனம் உறுத்தும் அந்த இரவிலும் வாயில் திறந்தே இருக்கிறது. 24 மணி நேரம் கடந்துவிட்டாலும் செல்லுங்கள். தாமதத்திற்கான காரணத்தை உள்ளபடி சொல்லுங்கள்.

முதலில், அதே இடத்திற்குத் திரும்பிச் செல்லுங்கள். தனியே செல்லத் தயக்கமாயின் வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கார் அங்கேயே நின்றால், பக்கத்துக் கடைக்காரரிடமும் காவலாளியிடமும் உரிமையாளரைப் பற்றி விசாரியுங்கள். அவர் கிடைக்கவில்லையெனில், உங்கள் பெயர், கைபேசி எண், வண்டி எண், நடந்தது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைப்பரின் அடியில் செருகுங்கள். சேதத்தையும் அத்தாளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கார் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும், காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம், காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்குங்கள்.

மூன்றாவதாக, நாள், நேரம், இடம், ஓட்டியவர் பெயர், உரிம விவரம் ஆகியவற்றைக் காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுதுங்கள். தனியார் காருக்கான காப்பீட்டில் பிறர் உடைமைச் சேதத்திற்குப் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. அதைப் பயன்படுத்த விரும்பினால், நிறுவனத்தைக் கேளாமல் தொகை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சிறு செலவைக் கைப்பணத்திலேயே கொடுத்துத் தீர்ப்பதாயின், பெற்றுக்கொண்டவரிடம் எழுத்தில் ரசீது பெறுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். மகன் ஓட்டியதை ஓட்டுநர் ஓட்டியதாகச் சொல்வதும், இரவோடிரவாக நம் வண்டியின் கீறலை மறைப்பதும் முதற்பிழையின்மேல் மற்றொரு பிழையை ஏற்றுபவை. எவருக்கேனும் காயம் பட்டிருக்கும் என்ற ஐயம் இருந்தாலோ, ஒரு கணமும் தாழ்க்காது காவல்துறைக்குத் தெரிவித்து, வழக்கறிஞரையும் அணுகுங்கள்.

நம் முன்னோர் நாள்தோறும் செய்த பிரதிக்கிரமணம் என்பதற்குப் பின்னோக்கித் திரும்புதல் என்றே பொருள். நெறி விலகிச் சென்ற கால்கள் நெறிக்குத் திரும்புதல் அது. அன்றைய பிழைகளை மாலையில் நினைத்து, 'என் தீச்செயல் பயனற்றொழிக' என்று வேண்டுகிறோம். நசுங்கிய கதவு தெருவில் இருக்க, அதை வாயால் மட்டும் சொல்லி முடிப்பது நிறைவாகாது. இங்கே கால்கள் உண்மையாகவே திரும்பிச் செல்ல வேண்டும். சத்தியமும் கள்ளாமையும் அணுவிரதங்களாக இல்லறத்தார்க்கே வகுக்கப்பட்டவை. இல்லறத்தார் நடமாடும் இடங்களுள் தெருவும் ஒன்றன்றோ?

பின் இருக்கையில் அமர்ந்திருந்த குழந்தை அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா புறப்பட்டு வந்ததை அது பார்த்தது. அவர் திரும்பிச் சென்று, முன்பின் அறியாத ஒருவரிடம் கைகூப்பி, 'ஐயா, உங்கள் வண்டியை இடித்தவன் நான்' என்று சொல்வதையும் அது பார்க்கட்டும். பாடசாலையில் நாம் கற்பிக்கும் அறத்திற்கு அதனினும் நல்ல உரை இல்லை.