பிரஷர் மாத்திரையும் நோன்பும்

(ஷஃபான் மாத மருத்துவ உதவி வழங்கும் நாளில் அறக்கட்டளை மண்டபத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நாங்கள் மருத்துவர்கள் அல்லர். கணக்கு எழுதுகிறவர்கள், சீட்டைப் பார்த்து மாத்திரை வாங்கிக் கொடுக்கிறவர்கள். அப்படியிருக்க மாத்திரையைப் பற்றிப் பேச எங்களுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் கையால் நடந்த ஒரு தவறைச் சொல்லத்தான் இன்று நிற்கிறோம். அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் அது உபதேசமாகத்தான் இருக்கும்.

சென்ற ஆண்டு மழைக்காலம். எங்கள் உதவிப் பட்டியலில் உள்ள ஒரு தாய்க்கு அறுபது வயதுக்கு மேல். இரத்தக் கொதிப்புக்காக ஆம்லோடிபின் 5 மில்லிகிராம், தினம் ஒன்று, பல வருடமாகச் சாப்பிட்டு வருகிறவர். அந்த மாதம் மருந்துக் கடையில் வழக்கமான கம்பெனியின் சரக்கு இல்லை. வேறு கம்பெனியின் அதே மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக் கொடுத்து விட்டோம். பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு. உள்ளே இருக்கிற மருந்து ஒன்றே. இதை அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் பழைய அட்டையில் மாத்திரை மிச்சம் இருந்தது. "டிரஸ்டில் புதுசா ஒண்ணு சேர்த்துக் கொடுத்திருக்காங்க" என்று நினைத்து, காலையில் பழையது, இரவில் புதியது என்று இரண்டையும் சாப்பிட்டிருக்கிறார். 5 மில்லிகிராம் 10 ஆகி விட்டது.

பத்துப் பதினைந்து நாளில் இரண்டு கணுக்காலும் வீங்கின. ஆம்லோடிபினுக்கு அந்தக் குணம் உண்டு, அளவு கூடினால் வீக்கமும் கூடும். அது தெரியாமல் பக்கத்து வீட்டு அம்மா, "காலில் நீர் கோர்த்திருக்கு, எங்க வீட்டுக்காரர் சாப்பிடற நீர் மாத்திரை இருக்கு, போட்டுப் பாரு" என்று நல்ல மனத்தோடு கொடுத்திருக்கிறார். இந்த மாத்திரையால் வருகிற வீக்கம் நீர் மாத்திரைக்குச் சரியாக வடியாது என்று பிறகு மருத்துவர் சொன்னார். வீக்கம் வடியவில்லை, உடம்பில் இருந்த நீரும் உப்பும்தான் போயின. மூன்றாம் நாள் ஃபஜ்ருக்கு ஒளு செய்ய எழுந்தவர், குழாயடியில் தலை சுற்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக் கொண்டார்.

கை கூடி விட்டது, அல்ஹம்துலில்லாஹ். இடுப்பு எலும்பாக இருந்திருந்தால்? தலை படிக்கல்லில் மோதியிருந்தால்? அந்தத் தாய் எங்களை ஒரு சொல் குறை சொல்லவில்லை. "என் மறதிதான் தம்பி" என்றார். அவர் எதையும் மறக்கவில்லை. சொல்லாதவர்கள் நாங்கள். உங்கள் ஸதக்காவில் வாங்கிய மாத்திரை அது. அமானிதம் என்று ரசீதுப் புத்தகத்தில் அச்சடித்து வைத்திருக்கிறோம்.

அன்றிலிருந்து, அட்டை மாறினால் பையின் மேல் தமிழில் எழுதுகிறோம்: "பழைய மாத்திரைக்குப் பதில் இது. இரண்டும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது." எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளையிடம் போனில் சொல்கிறோம். நீங்களும் ஒன்று செய்ய வேண்டும். அட்டையில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். அதோடு மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் இருக்கும். உங்கள் பேரப் பிள்ளைகளை விட்டு அந்த மருந்துப் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு அட்டையில் ஒரே மருந்துப் பெயர் இருந்தால் இரண்டையும் எடுத்துக் கொண்டு மருத்துவரிடம் போங்கள். சில மாத்திரைகளில் இரண்டு மருந்து சேர்ந்தே இருக்கும், டெல்மிசார்டனும் ஆம்லோடிபினும் ஒரே மாத்திரையில் வருவதைப் போல. அப்போது தனி ஆம்லோடிபின் எதற்கு என்று கேட்பது உங்கள் உரிமை.

இனி ரமளான் விஷயம். ஒவ்வொரு ஆண்டும் இந்த நாட்களில் அலுவலகத்துக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: "நோன்பு மாசம் மாத்திரையை நிறுத்திடலாமா?"

சிலர் கேட்பதுகூட இல்லை, நிறுத்தி விடுகிறார்கள். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது. ஆம்லோடிபின் போன்றவை உடம்பை விட்டுப் போகவே சில நாட்கள் ஆகும். "பார்த்தீங்களா, மாத்திரை இல்லாமலேயே நல்லாத்தான் இருக்கேன்" என்று பத்தாம் நோன்பு வரை சொல்லிக் கொண்டிருப்பார்கள். இரத்தக் கொதிப்பு வலிக்கிற நோய் அன்று. தராவீஹில் நின்று தொழுகிறவருக்குள்ளேயே அது ஏறிக் கொண்டிருக்கும். அட்டினோலால், மெட்டோபுரோலால், குளோனிடின் ஆகியவற்றின் கதை இன்னும் கடினம். இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தமும் இதயத் துடிப்பும் துள்ளி ஏறும். ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு அது நெஞ்சு வலியில் போய் முடியலாம்.

நிறுத்தத் தேவையும் பெரும்பாலும் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று என்று இருக்கிற மாத்திரையை ஸஹரிலோ இஃப்தாரிலோ வைத்துக் கொள்ள மருத்துவர் வழி சொல்வார். இரண்டு வேளை, மூன்று வேளை இருந்தால், நீண்ட நேரம் வேலை செய்கிற மாத்திரையாக மாற்றித் தர முடியுமா என்று பார்ப்பார். நேரத்தை நீங்களாகவே மாற்றி, விட்டுப் போனதற்கு இரண்டாகச் சேர்த்துப் போட்டுக் கொள்ளாதீர்கள். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் ரமளானுக்கு முன்பே கேட்க வேண்டும். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லை, வெயில் வேறு, அதோடு உடம்பில் இருக்கிற நீரையும் வெளியேற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன குழாயடியே சாட்சி. சிறுநீரகக் கோளாறு, இதய பலவீனம், பக்கவாதம் வந்து போனவர்கள் நோன்பு வைக்கலாமா என்பதையே முதலில் கேளுங்கள்.

சென்ற வாரம் ஒரு பெரியவர் சொன்னார், "டாக்டர் வேண்டாம்னாலும் மனசு கேக்கலையே, அறுபது வருஷமா விட்டதில்லை." அந்த மனதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கலாம் என்ற சலுகையை அல்பகரா அத்தியாயத்தில் வைத்தவன் அல்லாஹ்தான். இனி நோற்கவே முடியாதவருக்கு ஃபித்யா இருக்கிறது. அவன் கொடுத்ததை வாங்கிக் கொள்வதில் என்ன குறைச்சல்? நம் பேஷ் இமாம் அவர்களும் இதையே சொல்கிறார்கள்: உடம்பின் நிலையை மருத்துவரிடம் கேட்டு வா, சட்டத்தை என்னிடம் கேள். நோன்பிருக்கும்போது கண் இருட்டினால், நிற்க முடியாமல் போனால், நோன்பைத் திறந்து விடுங்கள், களா செய்து கொள்ளலாம். கையில் பட்டை கட்டி பிரஷர் பார்ப்பதால் நோன்பு முறியாது, அதையும் சிலர் தவிர்ப்பதால் சொல்கிறோம்.

இஃப்தார் மேசையையும் கொஞ்சம் பார்ப்போம். நோன்புக் கஞ்சியைக் குறை சொன்னால் இந்த மண்டபத்தை விட்டு நாங்கள் வெளியே போக முடியாது. கஞ்சி இருக்கட்டும். அதோடு வடை, சமோசா, ஊறுகாய், ஸஹரில் கருவாடு என்று உப்பு எத்தனை வழியில் வருகிறது பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. பள்ளிவாசல் கஞ்சிச் சட்டியில் இந்த ஆண்டு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறோம். முதல் இரண்டு நாள் சப்பென்று இருக்கும், பொறுத்துக் கொள்ளுங்கள். "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில் சாப்பிடுகிறவருக்கும் சிறுநீரகம் கெட்டவருக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைத்து விடும்.

முழங்கால் வலி மாத்திரையும் அப்படியே. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் போன்றவை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து அதிகம். மூக்கடைப்புக்கு வாங்கும் சில சளி மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும். மருந்துக் கடையில் எது வாங்கினாலும் "எனக்கு பிரஷர் இருக்கு" என்று முதலில் சொல்லி விடுங்கள்.

எனலாபிரில், ராமிபிரில் ஆரம்பித்த பின் வறட்டு இருமல் விடாமல் வந்தால் அது மாத்திரையின் வேலையாக இருக்கலாம். இருமல் மருந்தைக் குடித்துக் கொண்டிருக்காமல், மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் செய்யாமல், எழுதிக் கொடுத்தவரிடமே போங்கள், மாற்று இருக்கிறது. பிள்ளை பெற நினைக்கும் சகோதரிகள் அதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மேலே சொன்ன இரண்டும், லோசார்டன், டெல்மிசார்டனும் கருவுக்குக் கேடு செய்பவை.

செலவுக்காக மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை. அரசு சுகாதார நிலையத்தில் இவை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள், நம் தெருக்களுக்கும் வருகிறார்கள். பெயர் பதியாதவர்கள் இன்றே எங்களிடம் சொல்லுங்கள். அதிலும் விட்டுப் போனால் அறக்கட்டளை இருக்கிறது. யார் வாங்கினார்கள் என்ற நோட்டு செயலாளரின் மேசையை விட்டு வெளியே போகாது.

வாய் ஒரு பக்கம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், நெஞ்சை அழுத்தினால் மாத்திரையைத் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பின் இதே மண்டபத்தில் மருத்துவர் ஒருவர் உட்காருகிறார். நோன்புக்கு மாத்திரை நேரத்தை அவரே எழுதிக் கொடுப்பார். வரும்போது வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்: தீர்ந்த அட்டை, பாதி அட்டை, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டார் கொடுத்தது, எல்லாம். யாரும் திட்ட மாட்டார்கள். வந்ததும் டீ குடிக்காமல் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், காலைத் தரையில் வையுங்கள், பிறகு பிரஷர் பார்ப்போம். டீ பார்த்த பின்பு உண்டு.

கை முறிந்த அந்தத் தாயும் வருகிறார். பையை நேற்றே மகளிடம் கொடுத்தனுப்பி விட்டார். பிரித்துப் பார்த்தோம், பதினொரு அட்டை இருந்தது.