பெடலை மிதிக்காத கால்

மேடையில் வீற்றிருக்கும் தாளாளர், முதல்வர், பேராசிரியப் பெருமக்கள், பின்வரிசையில் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருக்கும் பெற்றோர்கள், கறுப்பு அங்கிக்குள் வெந்துகொண்டிருக்கும் பட்டதாரிகள், எல்லோருக்கும் வணக்கம். அறிமுகத்தில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை. மீதியை மறுக்கும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் தொழிற்சாலைகளில் இருந்தவன் நான். அதில் பெரும்பகுதி பாதுகாப்புப் பொறியாளராக. விபத்து நடந்த இடத்துக்குப் போவதும், ஏன் நடந்தது என்று எழுதுவதும்தான் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் ஒரு சொல்லை வெறுக்கக் கற்றுக்கொண்டேன். ‘கவனக்குறைவு’. முதலில் அதை எழுதியவனே நான்தான் என்பதால் வெறுப்பு கொஞ்சம் அதிகம்.

1987. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப். பெயர் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம், நைட் ஷிப்ட் எஞ்சினியர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த காலம். பிரஸ்ஸைப் பார்த்திராத கணினித் துறைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: மேலே கனத்த ராம், கீழே டை. தகட்டை டையில் வைத்துப் பெடலை மிதித்தால் ராம் இறங்கி அடிக்கும். ஒரு மிதி, ஒரு அடி, ஒரு பீஸ். எங்களிடம் இருந்தவை கீ கிளட்ச் மெஷின்கள். ராம் இறங்கத் தொடங்கிவிட்டால் பாதியில் நிற்காது, ஒரு சுற்று முழுசாகச் சுற்றித்தான் நிற்கும். அடித்த பீஸை எடுக்கவும் அடுத்த தகட்டை வைக்கவும் கை டைக்குள் போயே ஆகவேண்டும். ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை.

ஒருநாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு, முப்பது வயதுக்காரர் ஒருவருக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. துணியைச் சுற்றி வேனில் ஏற்றிவிட்டு, ஆபீசில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். அகலம் இரண்டு விரற்கடை இருக்கும். அதற்குள் அடங்கக்கூடிய சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போயிருந்தேன். அவர் அதை எப்படி உரிப்பார் என்று அங்கே போனபிறகுதான் உறைத்தது. அவர் வலியைப் பற்றிப் பேசவில்லை, பணத்தைப் பற்றியும் பேசவில்லை. “சார், நான் பெடலை மிதிக்கலை சார்” என்றார். கொஞ்ச நேரம் பொறுத்து, பக்கத்துக் கட்டில்காரரிடமும் அதையே சொன்னார். அவருக்கு நான் எழுதிய சொல் எப்படியோ எட்டியிருந்தது.

திரும்பி வந்து ஃபிட்டர் மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் வாயைத் திறக்காமல் தன் நோட்டை நீட்டினார். ‘3-ம் நம்பர் பிரஸ் ரிப்பீட் அடிக்குது. ஸ்பிரிங் மாத்தணும்.’ மூன்று வாரத்தில் மூன்று முறை எழுதியிருந்தார். பெடலிலிருந்து காலை எடுத்ததும் தாழ்ப்பாளைப் பழைய இடத்துக்கு இழுத்துக் கிளட்சை விடுவிப்பது ஒரு சின்ன ஸ்பிரிங். அது தளர்ந்துபோனால், யாரும் மிதிக்காமலே ராம் இன்னொரு முறை இறங்கும். மூன்று குறிப்புகளுக்குக் கீழேயும் ‘பார்த்தேன்’ என்று ஒரு சுருக்கொப்பம். என்னுடையதுதான். மாதக் கடைசி டார்கெட் முடியட்டும், அப்புறம் மெஷினை நிறுத்தலாம் என்று தள்ளிவைத்திருந்தேன்.

அறிக்கையைத் திருத்தினேனா என்று கேட்பீர்கள். இல்லை. அது மேலே போய்விட்டிருந்தது, எனக்கும் தைரியம் இல்லை. யார் தப்பு என்று துருவாமல் தருவதுதான் ஈ.எஸ்.ஐ. காப்பீடு என்பதால் ஊனத்துக்கான தொகை அவருக்குக் கிடைத்தது. அவர் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லும் அப்படியே கிடந்தது. ஸ்பிரிங் மறுநாளே வந்துவிட்டது.

பிறகு எத்தனையோ அறிக்கைகளைப் படித்துவிட்டேன். தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிகிற அறிக்கை எனக்கு முடிந்ததாகப் படுவதில்லை. விசாரணை அங்கேதான் தொடங்கவேண்டும். தொழிற்சாலைச் சட்டம் 1948-ல் வந்தது. அதன் 21-ஆம் பிரிவு, ஆபத்தான இயந்திர பாகங்களுக்குக் காப்பு போடு என்றது. தொழிலாளியை உஷாராக இருக்கச் சொல் என்று அந்தப் பிரிவில் இருந்ததில்லை. மனிதன் அதிகாலை மூன்றரைக்கு அசருவான், மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வேலைக்கு வருவான், பழகிப்போனால் பயம் விட்டுப்போகும் என்பதெல்லாம் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பொறியியல் படித்த எனக்குத் தெரியவில்லை.

தெரிந்திருக்க வேண்டும். நான் இறுதியாண்டில் இருந்தபோதுதான் போபால் நடந்தது. 1984 டிசம்பர் 2 இரவு. ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரே ஒரு செய்தித்தாளைப் பத்துப் பேர் பிய்த்துப் படித்தோம். மெத்தில் ஐசோசயனேட் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. தொட்டியைக் குளிர்விக்க வேண்டிய இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கசிந்த வாயுவை எரிக்கவேண்டிய கோபுரத்தின் குழாய், ரிப்பேருக்காகக் கழற்றப்பட்டுக் கிடந்தது. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். பின்னாளில் அந்த ஆலையின் தாய் நிறுவனமான யூனியன் கார்பைடு என்ன சொன்னது தெரியுமா? மனக்கசப்பில் இருந்த ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தண்ணீரை விட்டுவிட்டார் என்றது. பேச்சுக்கு அப்படியே வைத்துக்கொள்வோம். ஒரே ஓர் ஆள் ஒரு குழாயைத் திருகினால் ஊரே சாகும் என்கிற நிலையில் ஓர் ஆலையை வைத்திருந்தவர்கள் யார்?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி, வேலையின் காரணமாக உலகில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் இறக்கிறார்கள். அதில் விபத்தில் போகிறவர்கள் 3 லட்சத்துச் சொச்சம்தான். சுமார் 26 லட்சம் பேர் நோயில் போகிறார்கள். கல் உடைக்கும் இடத்துத் தூசு, பஞ்சு மில் தூசு, தோல் ஷெட்டின் ரசாயனம். அவர்கள் படிவத்தில் காரணம் என்று எதை எழுதுவீர்கள்? மூச்சு விட்டதையா?

உங்களில் முக்கால்வாசிப் பேர் ஏ.சி. அறைக்குப் போகிறீர்கள், இந்தக் கிழவன் பிரஸ்ஸைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று நினைக்கலாம். 2021-ல் உலகச் சுகாதார நிறுவனமும் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்ததால், பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016-ல் மட்டும் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று. அங்கே டை இல்லை, ராம் இல்லை. டெட்லைன் இருக்கிறது. நாளை நீங்கள் டீம் லீடர் ஆகி, ராத்திரி பதினொரு மணிக்கு “சின்ன மாற்றம்தான், காலைக்குள் முடித்துவிடு” என்று சொல்லும்போது, அந்தச் சுருக்கொப்பத்தைத்தான் நீங்களும் போடுகிறீர்கள்.

அதே 2021-ல் நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரு சின்னத் திருத்தம் செய்தது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும். அவ்வளவுதான். தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போகும்போது, நமக்கு எடுத்துக்காட்டுகிற பெண் காலை மாற்றி மாற்றி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஸ்டூலுக்குச் சட்டம் தேவைப்பட்டது. அடுத்த முறை போகும்போது ஸ்டூல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதில் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருந்தால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. சில ஆலை வாசல்களில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எண் மாற்றும் பலகை தொங்கும். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. எண் ஏற ஏற, அடிபட்டவன் அதைச் சொல்லக் கூசுவான். கட்டுப் போட்ட காலோடு ஒருவரை ஸ்டோரில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வருகைப் பதிவில் ‘வந்தார்’ என்று போட்டதை நானே பார்த்திருக்கிறேன். பலகைக்குப் பதில் மேஸ்திரியின் நோட்டை வாசலில் தொங்கவிடச் சொல்வேன். யாரும் ஒத்துக்கொண்டதில்லை.

நேரமாகிவிட்டது என்று முதல்வர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு கதையோடு விடுகிறேன். என் முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப்பில் ஓர் இன்ஸ்ட்ரக்டர் இருந்தார். மோதிரம், வாட்ச் எதுவும் உள்ளே வரக்கூடாது என்பார். ஒருநாள் லேத்தின் சக்கிலேயே, அதை இறுக்கும் சக் கீயை விட்டுவிட்டு மோட்டாரைப் போடப் போனேன். போட்டிருந்தால் அது பறந்து வந்து யார் நெற்றியிலாவது இறங்கியிருக்கும். கையைப் பிடித்து நிறுத்தி, “கவனம் எங்கடா?” என்று ஓர் அறை விட்டார். இன்றும் அவர் மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் அடுத்த வாரம் இன்னொரு பையன் அதையே செய்தான், அவனும் அறை வாங்கினான்.

இன்று காலை சீக்கிரமே வந்துவிட்டதால் உங்கள் ஒர்க்‌ஷாப்பைச் சுற்றிப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. மூன்றாவது லேத்தின் சக்கில் இந்தச் சக் கீ செருகியபடியே இருந்தது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், இதோ மேஜையில் வைக்கிறேன். யார் விட்டது என்று தயவுசெய்து விசாரிக்காதீர்கள். கையை எடுத்தால் தானாகவே வெளியே தள்ளிவிடும் ஸ்பிரிங் வைத்த சக் கீ கடையில் கிடைக்கிறது. முதல்வர் அவர்கள் ஒவ்வொரு லேத்துக்கும் ஒன்று வாங்கிப் போடட்டும். பில்லை எனக்கு அனுப்பினாலும் சரி.