தாய்வீடு யாருக்கு? - மினங்கபாவ் முஸ்லிம்களின் வழக்கமும் நம் கரையோர வழக்கமும்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரை)



பிற நாட்டு முஸ்லிம்களின் வாழ்க்கை முறை குறித்துப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். உலகம் முழுவதையும் அரை மணி நேரத்தில் சுற்றிவர இயலாது. எனவே ஒரே ஒரு மக்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அவர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் கடந்த ஆண்டு நம் பஞ்சாயத்துக்கு வந்த ஒரு வீட்டுப் பிணக்கே காரணம். அதனை இறுதியில் கூறுவோம்.

இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில் மலைகளுக்கு இடையே நெல் விளையும் பள்ளத்தாக்குகள் உள்ளன. அங்கே வாழ்பவர்கள் மினங்கபாவ் மக்கள். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் ஏறத்தாழ 65 லட்சம் பேர். அந்நாட்டின் முதல் துணைக் குடியரசுத் தலைவர் முஹம்மது ஹத்தா இவர்களில் ஒருவர். மார்க்கப் பற்றில் பெயர் பெற்றவர்கள். அதே வேளையில் தாய்வழிக் குலமுறையைக் கைவிடாதவர்கள். உலகின் தாய்வழிச் சமூகங்களுள் மிகப் பெரியது இதுவே என்று ஆய்வாளர் கூறுவர். அங்கே குலப்பெயர் தாயிடமிருந்து வருகிறது. பூர்விக வயலும் பெரிய வீடும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கின்றன. எருமைக் கொம்பு போல் இரு முனையும் வளைந்தெழும் கூரையுடைய அவ்வீட்டில் அறைகள் பெண்களுக்கே உரியவை. கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்கிறான். குலச் சொத்தை மேற்பார்வையிடுபவர் தாயின் உடன்பிறந்தவர். அவரை 'மாமாக்' என்று அழைக்கிறார்கள். நம் 'மாமா' காதில் விழுவது போலவே இருக்கிறதல்லவா!

அப்படியானால் ஆண்பிள்ளைக்கு இடம் எங்கே? சிறுவன் ஓரளவு வளர்ந்ததும் இரவில் 'சூராவ்' எனப்படும் தொழுகைக் கூடத்தில் படுத்துறங்குவது பழைய வழக்கம். குர்ஆன் ஓதுவதும் தற்காப்புக் கலை பயில்வதும் அங்கேதான். வயது வந்ததும் ஊரை விட்டுப் புறப்பட்டுப் பொருளும் அறிவும் தேடுவான். இதற்கு 'மெரந்தாவ்' என்று பெயர். இந்தோனேசிய நகரங்களில் தெருவுக்குத் தெரு பாடாங் உணவகங்கள் காணப்படுவது இதனால்தான். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் தாய்வழி வழக்கம் வேரூன்றியதும், 1773இல் அதன் முதல் மன்னர் அங்கிருந்து அழைத்துவரப்பட்டதும் இப்பயணத்தின் தொடர்ச்சியே.

"இது ஷரீஅத்துக்கு ஒத்துவருமா?" என்று நீங்கள் எண்ணுவது நமக்குப் புரிகிறது. அவர்களும் இதே கேள்வியைக் கேட்டுக் கடுமையாகச் சச்சரவிட்டவர்களே. மக்காவின் ஹரம் ஷரீஃபில் ஷாஃபிஈ மத்ஹபின் இமாமாக விளங்கிய ஷெய்கு அஹ்மத் கத்தீப் (1860 - 1916) ஒரு மினங்கபாவ். பிள்ளைகளை விட்டுச் சகோதரியின் மக்களுக்குச் சொத்துப் போவதை அவர் வன்மையாகக் கண்டித்தார். அவருடைய மாணவரான ஹாஜி ரசூல் அவர்களோ, பூர்விகச் சொத்து எவருடைய தனி உடைமையும் அன்று, அது வக்ஃபை ஒத்தது, ஆகவே அது வாரிசுப் பங்கீட்டுக்குள் வராது என்று கருதினார். ஹாஜி ரசூலின் மகன் ஹம்கா (1908 - 1981) இவ்வழக்கத்தின் கொடுமையைத் தம் புகழ்பெற்ற நாவலில் சாடினார். அதன் நாயகனுக்குத் தந்தை மட்டுமே மினங்கபாவ், தாய் வேற்றினத்தவர். எனவே தந்தையின் ஊரிலேயே அவன் அந்நியனாகிறான்.

1952இல் புக்கிட்டிங்கி நகரில் உலமாக்களும் குலத்தலைவர்களும் கற்றோரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தனர். தலைமுறை தலைமுறையாக வந்த சொத்து வழக்கப்படி பெண்வழியில் நிற்கும். ஒருவர் தம் உழைப்பால் தேடிய சொத்து ஃபராயிள் முறைப்படி பங்கிடப்படும். இந்த முடிவு எல்லோருக்கும் உவப்பானது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எந்தச் சொத்து எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொண்டார்களே, அந்த அறிவுடைமையை நாம் மெச்சுகிறோம்.

நம் பக்கம் வருவோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுப்பதும் மருமகன் அவ்வீட்டில் வந்து வாழ்வதும் நாமறிந்தவை. இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பகுதிகளிலும் பெண்ணுக்கு வீடு உண்டு. அங்கே 'குடி' என்னும் குலமுறையும் தாய்வழியில் செல்கிறது. இலட்சத்தீவிலும் மலபாரின் சில குடும்பங்களிலும் தாய்வழித் தறவாடு இருந்தது. ஆண்கள் கப்பலேறி ஆண்டுக்கணக்கில் அயலூரில் தங்கிய கரைகளில், பெண் தன் தாயுடன் இருப்பதே பாதுகாப்பு என்று கருதியிருக்கலாம். மினங்கபாவ் மலைநாட்டிலும் ஆண்கள் வெளியூரில்தான்.

இனி அந்தப் பிணக்கு. தந்தை தம் மகளின் நிக்காஹின்போது, "இந்த வீடு உனக்கு" என்று சபையில் வாய்மொழியாகச் சொன்னார். எழுத்து எதுவும் இல்லை. இறக்கும்வரை அவரும் அதே வீட்டில் வாழ்ந்தார். கேட்ட பெரியவர்கள் இருவரும் வஃபாத்தாகிவிட்டனர். இப்போது மகன்கள் பங்கு கேட்கின்றனர். அவர்களைப் பேராசைக்காரர் என்று கூற நமக்கு மனம் வரவில்லை. மாடி எழுந்தது அவர்கள் வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணத்தில். அந்தச் சகோதரியையும் குறை கூற முடியவில்லை. அவருக்கு வேறு கூரை இல்லை. அவ்வீட்டில் எவ்வளவு தந்தையுடையது, எவ்வளவு பிள்ளைகளுடையது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. மூன்று அமர்வுகள் முடிந்தும் பிணக்குத் தீரவில்லை.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் ஒரு கோரிக்கை வைக்கிறோம். மகளுக்கு வீடு கொடுப்போர், கொடுத்த நாள், ஒப்படைத்த விதம், யார் பணத்தில் கட்டியது, சாட்சிகள் ஆகியவற்றை எழுதி வைக்க நிக்காஹ் பதிவேட்டுடன் தனிப் பதிவேடு ஒன்று வேண்டும். பத்திரப் பதிவு செய்ய இயன்றவர்கள் அதையும் செய்துகொள்ளட்டும். ஆண்மக்கள் பணம் போட்டிருந்தால் அவர்களுடைய கையொப்பமும் அதில் இருக்க வேண்டும். இதற்கான மாதிரிப் படிவத்தைச் செயலாளர் அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். உறுப்பினர்கள் பார்த்துத் திருத்தம் சொல்லலாம்.