கல்லீரல் நோயும் நமது ஐயங்களும்
(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

வயிறு, கல்லீரல் ஆகியவற்றின் நோய்கள் பற்றி நம்மவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு விடை கூறுமாறு பணித்துள்ளீர்கள். அனைத்தையும் எடுத்துக்கொண்டால் மஃரிப் ஆகிவிடும். எனவே, உயிருக்கே ஆபத்தாகக் கூடியவற்றை மட்டும் பேசுவோம்.

"நாம் மதுவைத் தொடாதவர்கள். நமக்கு எங்ஙனம் கல்லீரல் கெடும்?" என்பதே முதற்கேள்வி. மது ஒரு காரணமே தவிர, அதுவே முழுக் காரணமன்று. ஹெபடைடிஸ் பி, சி என்னும் வைரஸ்கள் இரத்தத்தின் வழியாகவும், சுத்தம் செய்யப்படாத ஊசி, சவரக்கத்தி வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும், உடலுறவின் மூலமும் பரவுகின்றன. பல்லாண்டுகள் எவ்விதத் தொந்தரவும் தராமல் தங்கியிருந்து, பின்னர் கல்லீரலைச் சுருக்கிவிடவோ புற்றுநோயை உண்டாக்கவோ வல்லவை. இவை தவிர, சர்க்கரை நோயும் உடற்பருமனும் உள்ளோருக்குக் கல்லீரலில் கொழுப்புப் படிகிறது. நெய்ச்சோறும் வட்டிலப்பமும் விருந்தோடு நின்றால் குற்றமில்லை, அன்றாடமானால்தான் தொல்லை. "சீனி போடவில்லை, கருப்பட்டிதான்" என்று நம் வேம்பார் மக்கள் சமாதானம் கூறுவதுண்டு. கருப்பட்டியும் சர்க்கரையே!

அடுத்தது, எல்லோரும் கேட்கும் கேள்வி: "மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதாதா?"

இதனைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். கீழாநெல்லியை விஞ்ஞானிகள் ஏளனம் செய்து ஒதுக்கிவிடவில்லை. சென்னையில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் அவர்களுடன் இணைந்து அதனை ஆராய்ந்தனர். 1988இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியாயிற்று. 30 நாட்கள் கீழாநெல்லி மருந்து உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்திருந்தது; வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே வியந்து நோக்கியது. ஆயினும் தாய்லாந்து, நியூசிலாந்து முதலிய நாடுகளில் மீண்டும் சோதித்தபோது அத்தகைய பலன் கிட்டவில்லை. பல ஆய்வுகளையும் ஒருசேரப் பரிசீலித்த 2011ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கையும், வெற்று மருந்தைவிட அது மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே கூறிற்று.

அப்படியாயின், கீழாநெல்லி அரைத்துக் குடித்துக் குணமானோர் ஊர்தோறும் இருக்கின்றனரே? இருக்கின்றனர், பொய்யன்று. அசுத்தமான நீர், உணவு மூலம் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே நீங்கிவிடும். மூலிகை குடித்தவரும் குணமாவார், குடிக்காதவரும் குணமாவார். புகழ் மூலிகைக்குச் சேர்கிறது.

ஆனால் காமாலை என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களின் அடையாளம். பித்தநாளத்தில் கல் அல்லது கட்டி அடைத்துக்கொண்டாலும் கண் மஞ்சளாகும். மலம் வெளுத்து, உடலெங்கும் அரிப்பெடுத்தால் அந்த ஐயம் கொள்க. அந்த அடைப்பை எந்தப் பச்சிலையும் நீக்காது. மூன்று வாரம் பத்தியம் இருந்துவிட்டு வருபவருக்கு, அறுவைச் சிகிச்சைக்குரிய காலமே கடந்துபோயிருக்கக்கூடும். ஆகவே கண் மஞ்சளான உடனே இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்துகொள்ள வேண்டும். தூக்க மயக்கம், பிதற்றல், இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், இரவென்று பாராது மருத்துவமனைக்குப் புறப்படுக. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாளும் தாமதியாதீர். ஹெபடைடிஸ் ஈ அவர்களுக்கு மிகவும் கொடியது.

"சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் ஆகுமே?" 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஹெபடைடிஸ் சி நோயைப் பெரும்பாலும் 12 வாரத்து மாத்திரைகள் அடியோடு தீர்க்கின்றன. ஹெபடைடிஸ் பி அவ்வாறு தீர்வது அரிது. மாத்திரை அதனை அடக்கி வைக்கும். நலமாயிருக்கிறதென்று தாமாக நிறுத்திவிடலாகாது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விவரம் கேட்டறியலாம். பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டதா என்பதைப் பாட்டிமார்கள் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

வயிற்றுப்புண் பற்றி ஒரு வார்த்தை. காரமும் கவலையுமே காரணம் என்றிருந்தோம். ஒரு கிருமியே முக்கியக் காரணம் என்று மார்ஷல், வாரன் இருவரும் நிறுவி 2005இல் நோபல் பரிசு பெற்றனர். அதற்கு இருவார மருந்து உண்டு. மூட்டு வலிக்குக் கடையில் தாமே வாங்கி விழுங்கும் மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும்.

வயிற்றுப்புண்ணோ கல்லீரல் சுருக்கமோ உள்ளவர்கள், ரமளான் பிறப்பதற்கு முன்பே, நோன்பு நோற்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்க. செல்லும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும், உட்கொள்ளும் நாட்டு மருந்துகளின் பெயர்களையும் மறைக்காது எடுத்துச் செல்க.