கலப்பு ஜாதிக் குஞ்சுகளில் சேவல் பெட்டை அறிதல்

(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்தப்பட்ட உபந்நியாசம்)



முட்டைக்காகக் கோழிக்குஞ்சு வாங்குகிற குடும்பம் எதுவாயினும் அது விரும்புவது பெட்டையையே. ஆனால் கூடையில் இருபது குஞ்சு வந்தால் அவற்றில் ஏறக்குறையப் பத்து சேவலாக இருப்பது இயற்கை. எது எதுவென்று கொண்டை சிவக்கும் வரையில் தெரிவதில்லை. அதற்குள் எட்டு வாரம் சென்றுவிடும். ஒரு குஞ்சு எட்டு வாரத்தில் சுமார் ஒன்றரை கிலோ தீவனம் தின்னும். பத்துச் சேவற் குஞ்சுக்குப் பதினைந்து கிலோ. சங்கத்தில் கடன் வாங்கி, முட்டை விற்றுத் தவணை கட்டலாம் என்று கணக்கிட்டிருக்கும் குடும்பத்திற்கு இது சிறிய தொகையன்று. குஞ்சு பொரித்த அன்றே சேவல் இது, பெட்டை இது என்று அறியக் கூடுமானால், யாருக்கு எந்தத் தீவனம், எத்தனை நாள் என்பதை முதலிலேயே தீர்மானிக்கலாம்.

அப்படி அறிவதற்கு வழி உண்டு. முதல் உலக யுத்த காலத்தில் (1914-1918) இங்கிலாந்தில் தானியத்துக்குத் தட்டுப்பாடு உண்டானபோது, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த பன்னெட் என்ற பேராசிரியர், வேண்டாத சேவற் குஞ்சுகளுக்குத் தானியம் செலவாவதைத் தடுக்க, தூவியின் நிறத்தைக் கொண்டே பாலைப் பிரித்தறியலாம் என்று எடுத்துக் காட்டினார். ஜப்பானில் மசூயி, ஹஷிமோட்டோ முதலியோர் 1925-ல் வேறொரு முறையை வெளியிட்டனர். குஞ்சின் எச்சத் துவாரத்தைத் திறந்து பார்த்து அறிவது அது. பழகாத கை அதைச் செய்தால் குஞ்சு அடிபடும். வீட்டுக் கோழிக்கு அது ஏற்றதன்று. நிறத்தைப் பார்ப்பதற்கோ கண் ஒன்றே போதும்.

இதன் காரணத்தை அறிந்துகொள்வது கடினமன்று. சில நிறங்களுக்குரிய வித்து சேவலிடம் இரண்டு பங்கு இருக்கிறது. பெட்டையிடம் ஒரு பங்கே இருக்கிறது. தாய்ப் பெட்டை தன்னிடமுள்ள அந்த ஒரு பங்கை ஆண் குஞ்சுக்குத்தான் கொடுக்கும். பெண் குஞ்சுக்கு இவ்விஷயத்தில் தாயிடமிருந்து ஒன்றும் கிடைப்பதில்லை. தகப்பன் கொடுத்ததே அதன் உடைமை. வீடுகளில் தாயின் நகை மகளுக்குப் போவது வழக்கம். கோழியினிடத்தில் தாயின் சொத்து மகனுக்குப் போகிறது. ஆகையால் தகப்பனையும் தாயையும் தக்கபடி தெரிந்தெடுத்தால், பெண் குஞ்சு தகப்பன் நிறத்தையும் ஆண் குஞ்சு தாயின் அடையாளத்தையும் கொண்டு பிறக்கும்.

நன்கு அறியப்பட்ட சேர்க்கை இரண்டு. சிவப்பு நிறமுள்ள ரோட் ஐலண்டு ரெட் சேவலை, வெண்ணிறமும் கறுத்த கழுத்து வரிகளுமுள்ள லைட் ஸஸெக்ஸ் பெட்டையுடன் சேர்த்தால், சேவற் குஞ்சுகள் வெளிறிய மஞ்சளாகவும், பெட்டைக் குஞ்சுகள் செம்பழுப்பாகவும் பொரிக்கும். அதே சிவப்புச் சேவலை வரிப் பிளிமத் ராக் பெட்டையுடன் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் கறுப்பாகவே இருக்கும். ஆனால் சேவற் குஞ்சின் உச்சந்தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு காணப்படும், பெட்டைக்குத் தலை முழுவதும் கறுப்பு. வளர்ந்த பின் அந்தச் சேவல் தாயைப் போல் உடலெங்கும் வரியுடையதாகும். பெட்டை கறுப்பாகி, கழுத்தில் மாத்திரம் சிறிது செம்மை காட்டும்.

சேர்க்கையைத் தலைகீழாக மாற்றினால் இந்த அடையாளம் ஒன்றும் இராது. லைட் ஸஸெக்ஸ் சேவலைச் சிவப்புப் பெட்டையுடன் சேர்த்தால் குஞ்சுகள் அனைத்தும் வெளிறிய நிறமே. வரிச் சேவலைச் சேர்த்தால் இரு பாலுக்கும் தலையில் பொட்டு வரும். ஜாதிகள் இரண்டும் சரியாக இருந்து, தகப்பன் எது தாய் எது என்பது மாறிவிட்டால், வாங்கியவர் ஏமாறுவார். வெள்ளை லெகார்ன் விஷயமும் அப்படியே. முட்டைக்குப் பேர்போன ஜாதிதான். ஆயினும் அதன் வெண்மை மற்ற நிறங்களையெல்லாம் மூடிவிடும் தன்மையுள்ளது. லெகார்ன் சேவலுக்குப் பிறந்த கலப்புக் குஞ்சுகள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். நிறத்தைக் கொண்டு பால் சொல்வது வீண் வேலை. நாட்டுப் பெட்டைகள் பல நிறம் கலந்தவையாதலால் அவற்றின் குஞ்சுகளிடத்திலும் இம்முறையை நம்ப இடமில்லை.

இன்னொரு விஷயத்தில் அங்கத்தினர்கள் மிகவும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். இவ்வாறு பிறந்த கலப்புச் சேவலையும் கலப்புப் பெட்டையையும் வீட்டிலேயே சேர்த்து, அவற்றின் குஞ்சுகளையும் நிறம் பார்த்துப் பிரிப்பவர்கள் உண்டு. சிவப்புச் சேவலுக்கும் லைட் ஸஸெக்ஸ் பெட்டைக்கும் பிறந்தவற்றை இவ்விதம் சேர்த்தால், இரண்டாம் தலைமுறையில் சேவலிலும் பாதி சிவப்பு, பெட்டையிலும் பாதி சிவப்பு. நிறம் இருக்கும், அதற்குப் பொருள் இராது. சந்தையில் "சிவப்பெல்லாம் பெட்டை" என்று கூவி விற்கிறவரிடம், இவற்றின் தாய் தகப்பன் எந்த ஜாதி என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். விடை சொல்ல இயலாதவரிடம், பெட்டைக்குரிய விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

வீட்டில் அடை வைக்கிறவர்கள் ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டைகளாகப் பத்துப் பன்னிரண்டு பொறுக்கி, அமைதியான நாட்டு அடைகோழியின் கீழ் வைக்கலாம். ஏழாம் நாள் இரவில் விளக்கொளியில் பார்த்துக் கருவில்லாதவற்றை நீக்கிவிட வேண்டும். இருபத்தோராம் நாள் குஞ்சு வெளிவரும். தூவி நனைந்திருக்கும்போது எல்லாக் குஞ்சும் ஒரே நிறமாகத் தோன்றும். ஆகையால் நன்றாக உலர்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில், அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று வாரக்கணக்கில் விட்டுவிடலாகாது. முதல் வாரத்திலேயே செட்டையில் இறகு முளைத்துத் தூவியின் நிறம் மறையத் தொடங்கும்.

நிறத்தால் அறிய இயலாத குஞ்சுகளுக்குப் பொறுமையே வழி. லெகார்ன் கலப்பில் நான்காவது ஐந்தாவது வாரத்திலேயே சேவலின் கொண்டை பெரிதாகிச் சிவக்கும். கனத்த ஜாதிகளில் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதன் பின் கழுத்திலும் இடுப்பிலும் முளைக்கும் இறகுகள் சேவலுக்குக் கூர்மையாகவும் பெட்டைக்கு நுனி உருண்டும் இருக்கும். கால் தடித்திருப்பதையும் தலை பருத்திருப்பதையும் கண்டு முன்னதாகவே சேவல் என்று துணிவோர் பலர். அந்தக் கணிப்பு பலிப்பதும் உண்டு, பலிக்காததும் உண்டு.

எந்தப் பாலாயினும் குஞ்சு பிழைத்தால்தானே பயன்? தாயில்லாமல் வளர்க்கப்படும் குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். வாரத்துக்கு ஐந்து டிகிரி வீதம் குறைத்து வரலாம். குளிர்ந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். சூடு மிஞ்சினால் விளக்கை விட்டு ஓரத்தில் ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கும். கருவியைக் காட்டிலும் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். ஏழாம் நாள் இராணிக்கேட் நோய்க்குரிய தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடவேண்டும். வெள்ளைக் கழிச்சல் என்று கிராமங்களில் சொல்லப்படும் இந்நோய் புகுந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகும். குருணை, கம்பு, கடலைப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள் இவற்றோடு கறையானும் கிடைக்குமானால் குஞ்சுகள் விரைவில் தேறும்.

பிரித்தறிந்த சேவற் குஞ்சுகளைக் கழித்துவிட வேண்டும் என்பதில்லை. பெரிய பண்ணைகள் அப்படிச் செய்கின்றன. கிராமத்துக்கு அது பொருந்தாது. பங்குனியில் பொரித்த கலப்புச் சேவல் ஆடிக் கொடைக்கு நல்ல விலை போகும். அவற்றைத் தனியே அடைத்து, இறைச்சிக்கென்று வளர்த்து, குறித்த மாதத்தில் விற்றுவிட வேண்டும். பெட்டைகளோடு விட்டு வைத்தால் தீவனத் தொட்டியை முதலில் மறிப்பவை அவையே.

சங்கத்தின் மூலமாகக் குஞ்சு வரவழைக்கும்போது, தகப்பன் ஜாதி, தாய் ஜாதி, முதல் தலைமுறையா அல்லவா என்ற மூன்று விவரங்களையும் விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைக்கலாம். வந்த குஞ்சுகளில் பெட்டை என்று எண்ணப்பட்டவற்றின் காலில் சிவப்பு நூல் ஒன்று தளர்வாகக் கட்டி, கால் பருக்கப் பருக்க வாரந்தோறும் அவிழ்த்துக் கட்டிவர வேண்டும். எட்டாம் வாரம் கொண்டையைப் பார்த்து, நூல் கட்டியவற்றில் எத்தனை சேவலாயின என்று எண்ணிச் சங்கப் புத்தகத்தில் எழுதிவைத்தால், அடுத்த முறை அதே இடத்தில் வாங்குவதா இல்லையா என்பதைப் பஞ்சாயத்தார் அந்த எண்ணைக் கொண்டே தீர்மானிக்கலாம்.