மதகடியில் ஒரு கலை

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்குமான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)

  

கலை என்றவுடன் நம் எண்ணம் சிற்பத்தையும் இசையையும் நாட்டியத்தையும் நாடிச் செல்கின்றது. பாடல் புனைபவரைப் படைப்பாளி என்கிறோம். மதகடியில் மண்வெட்டியுடன் நிற்பவரையோ கூலியாள் என்கிறோம். இப்பாகுபாட்டினால் ஊருக்கு நேரும் இழப்பைப் பற்றியே இன்று தங்களுடன் பேச விரும்புகிறோம். இழப்பு என்று நாம் குறிப்பது நெல்மூட்டைக் கணக்கில் வரும் இழப்பேயாகும்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடையவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். பழைய கண்மாய்களில், கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, நீருக்கு நடுவே இரண்டு கற்றூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே குமிழித் தூம்பு. தூண்களின் அடியில் கல்தொட்டி. அதன் மேற்புறத்தில் நீரோடித் துளை. கீழ்ப்புறத்தில் சேறோடித் துளைகள். மேல்துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் நீர் உள்ளே பாயும். அந்த ஓட்டத்தின் இழுப்பினால் கீழ்த்துளைகளின் வழியே வண்டலும் உடன் புகும். கரைக்கு அடியிலுள்ள சுருங்கையின் வழியாக இரண்டும் கழனியைச் சென்றடையும். பயிருக்கு நீரும் உரமும் ஒருங்கே கிடைத்தன. மடையடியில் சேறு மேடிடுவதும் குறைந்தது. இதனை எண்ணி அமைத்தவரைச் சிற்பி என்று நாம் அழைப்பதில்லை. (கோயில் தூணைச் செதுக்கியவரும் அவருடைய உறவினராகவே இருந்திருக்கக் கூடும்!) 1830களில் கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், ஆழம் காணவியலாத மணலின்மீது அடித்தளம் அமைக்கும் வகையைக் கல்லணை கட்டிய முன்னோரிடமிருந்தே கற்றதாக ஒளிக்காமல் எழுதி வைத்தார். பொறியியல் கற்றவர் ஒருவருக்கு அவ்வாறு எழுதுவதில் கூச்சம் ஏற்படவில்லை.

எனினும் மதகைக் கட்டியவரைக் காட்டிலும், அதனைத் திறந்து மூடுபவரைப் பற்றியே நாம் விரிவாகப் பேச வேண்டும். நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி, கம்புகட்டி, மடைக்குடும்பர் என அவருக்கு ஊர்தோறும் ஒரு பெயர். அவர் பெரும்பாலும் நிலமில்லாதவர். தமக்கென வயல் இல்லாமையால் எப்பக்கமும் சாயமாட்டார் என்ற நம்பிக்கையிலேயே பல ஊர்களில் இப்பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அறுவடைக் காலத்தில் களத்திலேயே நெல்லாக அவருக்கு ஊதியம் அளந்தார்கள்.

கண்மாய் நிரம்பியிருக்கும்போது எவரும் மடை திறக்கலாம். கால் பங்கு நீரே எஞ்சியிருக்கும்போதுதான் அவர் திறமை புலப்படும். மணற்பாங்கான வயல் எது, களிமண் வயல் எது? நட்டுப் பத்து நாளான பயிர் எது, பொதி கட்டியது எது, பால் பிடிப்பது எது? இரண்டு நாள் பொறுக்கக் கூடியது எது, இன்றிரவே நீர் காட்டாவிடில் பதராவது எது? இவை அனைத்தையும் மனத்தில் வைத்து, வானத்தையும் ஒருமுறை பார்த்து, அவர் முறை வகுக்கிறார். சென்ற ஆண்டின் முறை இவ்வாண்டுக்குப் பொருந்தாது. அதற்கு விதிநூல் இல்லை. ஒவ்வொரு பருவமும் புதிதாகவே எண்ண வேண்டும். இஃது படைப்பு அல்லாமல் வேறென்ன?

இலங்கையின் வறண்ட பகுதிகளில் 'பெத்ம' என்றொரு வழக்கம் உண்டு. குளத்தில் நீர் குறைந்த போகத்தில், மடைக்கு அருகிலுள்ள வயல்களை மட்டும் பயிரிடுவது என ஊரார் முடிவு செய்வர். அவ்வயல்களை அப்போகத்திற்கு மட்டும் எல்லோருக்குமாகப் பங்கிட்டுக் கொள்வர். தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் அருகருகே உழுவர். நீரை வயலுக்குக் கொண்டு செல்ல இயலாதபோது, உழவரை நீருக்கு அருகே கொண்டு வந்த அந்தக் கற்பனையை எண்ணி நாம் வியக்கிறோம்.

இனி, நாம் முன்பு பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். நாம் அங்குச் செல்வதற்கு முன்பே ஒரு கண்மாயின் பழைய மடை இடிக்கப்பட்டு, திருகு ஷட்டருடன் புதிய மதகு கட்டப்பட்டிருந்தது. வேலை உறுதியானதே, சிமெண்டில் குறையில்லை. ஆனால் அடித்தளம் போடும் நாளிலேயே அவ்வூர் நீர்பாய்ச்சி, "பழைய மடையின் அடிமட்டத்தைவிட இது ஒரு முழம் உயரமாக இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார். "உன்னைக் கேட்டா படம் போடுவார்கள்?" என்று கரையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். தை மாதத்தில் கண்மாய்க்குள் முழ ஆழத்திற்கு நீர் நின்றது, வெளியே வரவில்லை. கடைமடையில் பால் பிடித்துக் கொண்டிருந்த நெல் வாடத் தொடங்கியது.

அப்போதும் வழி கண்டவர் அவரே. எண்ணெய் எஞ்சின் வைத்துக் கரைக்கு மேலாக நீரை இறைக்கலாம் என்று சிலர் கூறினர். இரண்டு ஆள் உயரத்திற்கு நீரை ஏற்ற டீசல் எவ்வளவு ஆகும் என்று அவர் கேட்டார். பிறகு மதகு வாயைச் சுற்றி, கண்மாய்க்குள்ளேயே, மணல் மூட்டைகளால் அரைவட்டமாக ஒரு வரப்பு எழுப்பினார். எஞ்சினைக் கண்மாய்க்குள் வைத்து அந்த வரப்பினுள் நீரை இறைக்கச் செய்தார். ஒரு முழமே ஏற்ற வேண்டியிருந்தது. உள்ளே மட்டம் உயர்ந்ததும் நீர் தானாகவே மதகின் வழியே வாய்க்காலில் இறங்கியது. டீசல் செலவை ஏக்கர் கணக்கில் பிரித்துக் கொண்டார்கள். எல்லா வயலும் பிழைத்தன என்று கூறுவதற்கில்லை; பாதிக்கு மேல் பிழைத்தன.

பின்னர் அவ்வூர்ச் செலவுச் சீட்டைப் பார்த்தோம். 'கூலியாள் ஒருவர், நான்கு நாள்' என்று எழுதியிருந்தது.

மகாராஷ்டிர மாநிலம் சந்திரபூர் மாவட்டத்தில் தாதாஜி கோப்ரகடே என்ற சிறு உழவர் இருந்தார். 1983இல் தம் வயலில் 'பட்டேல் 3' என்னும் நெல் ரகத்தின் நடுவே மூன்று கதிர்கள் மட்டும் வேறு நிறமாக மஞ்சளித்திருப்பதைக் கண்டார். பிறர் கலப்பு நெல் என்று களைந்திருப்பர். அவரோ தனியே எடுத்து வைத்து, விதைத்து, பொறுக்கி, மீண்டும் விதைத்தார். அதுவே எச்.எம்.டி. என்னும் சன்ன ரக நெல்லாகப் பரவியது. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த கைக்கடிகாரத்தின் பெயரை அதற்கு இட்டார்கள்! 2018இல் அவர் மறைந்தார். மூன்று கதிர்களை உற்றுப் பார்த்த கண், ஓவியரின் கண்ணுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

அத்தகைய கண்ணுடையவர்கள் தங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். நீர்பாய்ச்சிகளின் பிள்ளைகளோ பலர் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். சில ஊர்களில் அப்பணியே நின்றுவிட்டது. ஆகவே தங்களிடம் ஒன்று வேண்டுகிறோம். மதகு வேலைக்கு மதிப்பீடு எடுக்க ஒன்றியப் பொறியாளர் வரும் நாளில், நீர்பாய்ச்சியையும் கரைமேல் அழைத்துச் செல்லுங்கள். பழைய மடையின் அடிமட்டம் எது, எந்த வாய்க்கால் முதலில் வறளும், கரை எங்கே கசியும் என்று அவரைக் கேட்டு, அவர் கூறுவதை அவர் பெயருடன் எழுதிக் கொள்ளுங்கள். அவருக்குப்பின் மடை திறப்பவர் யார், அவருக்கு ஊதியம் எவ்வாறு என்பதை அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபையில் பேசி முடிவு செய்யுங்கள். அக்குறிப்பின் படி ஒன்றை அலுவலகத்திற்கு அனுப்பினால், மதிப்பீட்டுக் கோப்பில் அதனை முதல் தாளாக வைப்போம்.