இரவு இரண்டு மணியின் அவையஞ்சாமை



வாழ்நாளின் பெரும்பகுதியை மேடைகளிலன்றி வார்டுகளிலேயே கழித்துவிட்ட எனக்கு இக்கருத்தரங்கின் தலைமைப் பதவியை அளித்த அமைப்பாளர்களுக்கு வந்தனம் கூறும்போதே, அழைப்பிதழில் அச்சாகியிருக்கும் 'தன்னுறுதி' என்ற சொல்லோடு எனக்குள்ள சிறு மனஸ்தாபத்தையும் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டதும் நம் இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கு அடங்காத பெண்ணொருத்தியின் ஞாபகமே வருகிறது. எனக்குப் பிடித்த சொல் அவையஞ்சாமை. வள்ளுவர் அந்தப் பெயருள்ள அதிகாரத்தைக் குறளின் அமைச்சியலில் வைத்தார். அரசன் காணாததைக் கண்டு, அதை அவன் முகம் நோக்கிச் சொல்ல வேண்டியவன் அமைச்சனல்லவா? மருத்துவர் சில நிமிஷங்களே வந்து நிற்கும் கட்டிலின் அருகில் இரவு முழுவதும் இருப்பவளுக்கும் அதே கடமைதான். அவளுடைய அவையோ, இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியின் மறுமுனையில் தூக்கம் கலைந்த ஒரே ஒருவர்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அன்று பகலில் வயிற்றில் ஆபரேஷன் ஆன ஒருவர் என் வார்டில் இருந்தார். நடுநிசிக்குப் பின் அவருடைய நாடி 126-க்கு ஏறியது, பி.பி. 90/60-க்கு இறங்கியது, யூரின் பேக் வெறுமையாகத் தொங்கியது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். "மன்னிக்கணும் சார், பன்னிரண்டாம் பெட் பேஷண்ட் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கார், பி.பி. கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றேன். "காலையில் ரவுண்ட்ஸில் பார்க்கலாம், சிஸ்டர்." "சரிங்க சார்." 'கொஞ்சம்' என்ற சொல்லை இரண்டு முறை சொன்ன நான், என் கையாலேயே எழுதிவைத்த எண்களில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. அவரை நான் குறை கூறேன். அவ்விதம் கேட்ட எவரும் அவ்விதமே பதில் சொல்லியிருப்பார். நான்கு மணிக்கு நோயாளியை மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுசென்றோம். உள்ளே இரத்தம் கசிந்திருந்தது. பிழைத்தார், அது என் சாமர்த்தியத்தால் அன்று.

நான் விநயம் என்று எண்ணியிருந்த இந்தப் பழக்கத்தை, லியனார்டு ஸ்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1967-இல் 'டாக்டர்-நர்ஸ் விளையாட்டு' என்று வருணித்தார்: நர்ஸ் தன் யோசனையை மருத்துவருக்கே உதித்ததுபோலத் தோன்றும்படி சொல்ல வேண்டும் என்பது அதன் விதி. அதற்கு முந்தைய ஆண்டு ஹாஃப்லிங் என்பவர் வெளியிட்ட பரிசோதனை இன்னும் கலக்கம் தருவது. முன்பின் அறியாத ஒரு 'டாக்டர்' தொலைபேசியில் அழைத்து, ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று புட்டியிலேயே எழுதியிருந்த மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னபோது, 22 நர்ஸ்களில் 21 பேர் கொடுக்கப் புறப்பட்டுவிட்டார்கள். புட்டியில் இருந்தது தீங்கற்ற பொருளாதலாலும், வழியிலேயே தடுக்கப்பட்டதாலும் விபரீதம் நேரவில்லை. வேறு சில நர்ஸ்களிடமும் மாணவிகளிடமும் இத்தகைய சந்தர்ப்பத்தை விவரித்துக் கேட்டபோது, ஏறக்குறைய எல்லோருமே கொடுக்கமாட்டோம் என்றார்கள். தைரியம் வகுப்பறையில் நம் எல்லோரிடமும் உண்டு. மணி அடிக்கும்போதுதான் அது எங்கோ போய்விடுகிறது.

ஆகவே உபதேசத்தைவிட வாய்ப்பழக்கத்தையே நான் நம்புகிறேன். பேசுவது யார், எந்த நோயாளி, எண்கள் என்ன, எனக்கு என்ன சந்தேகம், உங்களிடம் வேண்டுவது என்ன என்பதை மாணவிகள் முதலாண்டிலிருந்தே உரக்கச் சொல்லிப் பழகட்டும். வாய்மொழியாக வந்த மருந்தளவைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளட்டும். 'சார்' என்ற மரியாதையைக் கைவிட வேண்டியதில்லை. "சார், நீங்கள் இப்போதே வர வேண்டும்" என்பதில் மரியாதைக்கு யாதொரு குறைவும் இல்லை.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. இன்றிரவு உங்கள் வார்டிலிருந்து அழைப்பு வந்து, அந்தப் பெண் 'கொஞ்சம்' என்று இழுத்தால், போனை வைப்பதற்கு முன், "எண் என்ன, சிஸ்டர்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று தயவுசெய்து கேளுங்கள்.